இலுப்பையடியாருக்கு ஒரு திருவிழா

கனகலிங்கம் என்று அவருக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது. வன்னிக் காட்டை வெட்டி உண்டான எங்கள் ஏழாம் வாய்க்காலில் குடும்பக்காரரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். வரும்போது மண்வெட்டி, கோடாலி, சட்டி பானையோடு தங்கள் ஊர்ப் பெயரையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அளவெட்டியாரின் மாடு வரம்பை மிதித்துவிட்டது, வேலணையார் வீட்டில் கத்தி இரவல் வாங்கி வா, புங்குடுதீவாருக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் என்றுதான் பேச்சு. என் அப்பா ஏரம்பு, சுழிபுரத்தார். சுழிபுரத்து ஆட்கள் வேறும் இருந்தார்கள். ஆனால் சுழிபுரத்தார் என்று மொட்டையாகச் சொன்னால் அது அப்பாதான்.

கனகலிங்கம் அண்ணையை இலுப்பையடியார் என்றார்கள். இலுப்பையடி என்று ஓர் ஊர் இருப்பதையே அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே ஓர் இலுப்பை மரம், மரத்தைச் சுற்றிச் சில வீடுகள், கொஞ்சம் புகையிலைத் தோட்டம். ஒரு பக்கத்து ஊர்க்காரர் இலுப்பையடியை மற்ற ஊரோடு சேர்ப்பார்கள். மற்ற ஊர்க்காரர் அதைத் திருப்பித் தள்ளிவிடுவார்கள். அந்த ஊரிலிருந்து எங்கள் குடியேற்றத்துக்கு வந்த ஒரேயொரு குடும்பம் அவருடையது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பரமலிங்கம் வாத்தியார் கைகூப்புவார்.

"அறுபத்து மூண்டு நாயன்மாரைப் படிச்சிருக்கிறன். அறுபத்து நாலாவது ஆளை இஞ்சைதான் காணுறன். இலுப்பை அடியார் வாழ்க!"

அண்ணையும் விடமாட்டார். "அடியார் வந்தா சோறு போடவேணும் வாத்தியார். எங்கை, இலையைப் போடு" என்று வாத்தியார் வீட்டு வாசலிலேயே குந்திவிடுவார்.

நெடுத்த மனிதர். கறுவல். காலையில் கட்டும் தலைப்பாகை குளிக்கும்போதுதான் அவிழும். அவருடைய பேச்சில் ஒரு விசித்திரம் உண்டு. மாடுகளோடு மரியாதையாகப் பேசுவார். "நடவுங்கோ, கொஞ்சம் எட்டி நடவுங்கோ, பள்ளம் கிடக்கு பாருங்கோ" என்பார். மனிதர்களை, அதிலும் உத்தியோகத்தர்களை, நீ என்றுதான் சொல்லுவார். வாய்க்கால் பார்க்க வரும் ஓவசியர் ஒருநாள் இதைக் குறையாகச் சொன்னபோது, "மாடு நான் சொல்லுறதைக் கேட்டு நடக்குது. நீ எப்ப கேட்டனீ?" என்று திருப்பிக் கேட்டாராம். அந்த வருடம் ஏழாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் பிந்தித்தான் வந்தது என்று அப்பா சொல்லுவார்.

குடியேறிய முதல் மாரியில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். அப்போது வீடுகள் இல்லை. கொட்டில்கள்தான். அவருடைய மனைவி அன்னபாக்கியம் அக்காவுக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கியது. மழை விட்டபாடில்லை. அண்ணை வண்டிலில் வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கை இழுத்துக் கட்டி, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கென்று வெளிக்கிட்டார். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பாலை மரம். அதன் கீழே, காடு வெட்டினபோது கிடைத்த ஒரு கல்லை யாரோ பிள்ளையார் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் பாதை இல்லை. வெள்ளம்தான். மாடுகள் நின்றுவிட்டன. உள்ளே அக்கா கத்துகிறா.

அண்ணை அந்தக் கல்லின் முன்னால் சேற்றில் விழுந்தார். "தாயும் பிள்ளையும் எனக்குத் தப்பித் தந்தியெண்டா, உனக்கு ஒரு நாள் திருவிழா. முழுக்க என்ரை. வேறை ஒருத்தரிட்டையும் கை நீட்டமாட்டன்."

பிள்ளை அந்த வண்டிலிலேயே பிறந்தது. துணைக்குப் போயிருந்த என் அம்மாதான் தொப்புள்கொடி அறுத்தவா. தாயும் தப்பினா, பிள்ளையும் தப்பினாள். கமலாசனி என்று பெயர் வைத்தார்கள். ஏழாம் வாய்க்காலில் பிறந்த முதல் பிள்ளை அவள்.

பாலையடிப் பிள்ளையாருக்கு முதலில் ஓலைக் கொட்டில், பிறகு ஓட்டுக் கூரை என்று கோயில் மெல்ல வளர்ந்தது. நெல் நன்றாக விளைந்த ஒரு வருடம், ஆவணிச் சதுர்த்தியையொட்டி அலங்காரத் திருவிழா செய்வதென்று தீர்மானித்தார்கள். ஒவ்வொரு நாளையும் ஒவ்வோர் ஊராருக்குப் பிரித்தார்கள். முதல் நாள் வேலணையார் திருவிழா, அடுத்தது அளவெட்டியார் திருவிழா, கடைசி நாள், பெரிய நாள், சுழிபுரத்தார் திருவிழா. இப்படிப் பிரித்ததால் போட்டி வந்தது. போட்டியால் கோயில் பொலிந்தது. வேலணையார் ஒரு கூட்டம் மேளம் பிடித்தால் அளவெட்டியார் இரண்டு கூட்டம் பிடித்தார்கள். புங்குடுதீவார் கப்பல் மாதிரி ஒரு சோடினை செய்து அதில் பிள்ளையாரை ஏற்றினார்கள். கடலைக் காணாத எங்கள் சின்னப் பிள்ளைகள் அது ஒரு பெரிய தொட்டில் என்று நினைத்தார்கள்.

பூசை முடிந்ததும் ஐயர் காளாஞ்சி கொடுப்பார். தட்டத்தில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, பூ. அன்றைய திருவிழாக்காரருக்கே அது முதலில் போகும். ஐயர் தட்டத்தைத் தூக்கிப் பிடித்து, "அளவெட்டியார் வாங்கோ" என்று ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவுடன் அந்த ஊர் மூத்தவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே போகிற நடையை நீங்கள் பார்க்கவேண்டும்.

இலுப்பையடியாருக்கு நாள் இல்லை. ஒரு குடும்பத்தை யார் ஊர் என்று எண்ணுவார்கள்? ஆனால் எல்லாருடைய திருவிழாவிலும் அவர்தான் நிற்பார். வாழை வெட்டி ஏற்றிக்கொண்டு வருவது, தோரணம் கட்டுவது, மேளகாரரை ஸ்டேசனிலிருந்து கூட்டி வருவது எல்லாம் அவருடைய வண்டில்தான். காளாஞ்சி கொடுக்கிற நேரத்தில் மட்டும் கிணற்றடிக்குக் கால் கழுவப் போய்விடுவார்.

ஒவ்வொரு வருடமும் அப்பாவிடம் வந்து கேட்பார். அப்பாதான் கோயில் சபைத் தலைவர்.

"சுழிபுரத்தார், எனக்கு ஒரு நாள் தா."

"இலுப்பையடியார், உனக்கு நாள் தாறதிலை எனக்கென்ன கஷ்டம்? உனக்குத் தந்தா நாளைக்கு வீட்டுக்கு ஒரு நாள் கேப்பாங்கள். திருவிழா ஆவணியிலை தொடங்கித் தைப்பொங்கலுக்குத்தான் முடியும். ஒரு ஊருக்கு ஒரு நாள். அதுதான் சட்டம். நீ எங்களோடை சேர். சுழிபுரத்தாற்றை திருவிழாவிலை உன்ரை பங்கையும் போடு."

"உன்னோடை சேந்து செய்தா, பிள்ளையார் அது சுழிபுரத்தார் தந்தது எண்டெல்லே நினைப்பார்? நான் வாயாலை சொன்னது முழுக்க என்ரை எண்டு."

அப்பா கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணையும் சண்டை பிடிக்கமாட்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போவார். அடுத்த வருடம் வருவார்.

ஆனால் வீட்டில் அன்னபாக்கியம் அக்காவுக்கு அது பெரும் பாரமாக இருந்தது. கமலாசனிக்கு ஒரு தடிமன் வந்தாலும், "பாத்தீங்களே, நேர்த்தி கிடக்குது. அது பொறுக்குமே?" என்பா. பிள்ளை வளர்ந்துகொண்டு வந்தாள். அவள் பெரியபிள்ளை ஆவதற்குமுன் அவள் பேரில் வைத்த நேர்த்தியைத் தீர்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. அக்கா என் அம்மாவிடம் வந்து அழுத ஒரு பொழுதில், விடுமுறைக்கு வந்திருந்த நான் குசினிக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "இந்த ஆவணி தப்பினா இனி ஏலாது அக்கா. பெட்டை வளர்ந்திட்டாள்" என்றா. அம்மா அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தா.

பேராதனையில் படித்து முடித்து, பி.ஏ. பட்டம் கிடைத்த செய்தியோடு நான் ஊருக்குத் திரும்பியது அதே வருடம் ஆடியில். ஏழாம் வாய்க்காலின் முதல் பட்டதாரி. எங்கள் பரம்பரையிலும் முதல். மாங்குளம் ஸ்டேசனில் இறங்கினால் சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிறது. அந்தப் புழுதிக்குள் இலுப்பையடி அண்ணை வண்டிலோடு நிற்கிறார்.

"வாங்கோ தம்பி. பெட்டியைத் தாங்கோ."

எனக்குப் பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். போன விடுமுறைவரை அவருக்கு நான் "டேய் யோகநாதன்".

"என்ன அண்ணை, என்னைப் போய் வாங்கோ போங்கோ எண்டு?"

"பி.ஏ. எல்லே? மாட்டுக்கே போடுற மரியாதையைப் பி.ஏ.க்குப் போடாட்டி ஊர் சிரிக்கும்."

புண்ணாக்கும் மண்ணெண்ணெயும் வாங்க மீராசாகிபு முதலாளியின் கடைக்குப் போனோம். மாங்குளம் சந்தியில் பழைய கடை. முல்லைத்தீவிலிருந்து கருவாடும் வவுனியாவிலிருந்து சாமான்களும் வந்து அங்கேதான் கைமாறும். கடை நிறையச் சனம். அந்த இரைச்சலுக்குள் உள்ளேயிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"ஏழாம் வாய்க்கால்! உங்கட புண்ணாக்குச் சாக்கு கட்டி வெச்சிருக்கு. வந்து தூக்குங்க!"

அண்ணை உடனே திரும்பினார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான் கேட்டேன்.

"முதலாளிக்கு உங்கடை பேர் தெரியாதோ?"

"எங்கடை இடத்திலையிருந்து ஆர் போனாலும் அந்தாளுக்கு ஏழாம் வாய்க்கால்தான். உங்கடை அப்பர் போனாலும் அதுதான். சுழிபுரத்தையும் வேலணையையும் அவர் என்னத்தைக் கண்டார்?"

வண்டில் மெயின் றோட்டை விட்டுக் காட்டுப் பாதைக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் வீரையும் பாலையும். அண்ணை மாடுகளுக்கு நடக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அங்கை என்னதான் படிப்பிச்சவங்கள்? ஒண்டு சொல்லுங்கோ பாப்பம். எனக்கு விளங்கிறதாய்."

படித்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று எனக்கும் நாக்குத் துடித்தது. அவருக்கு விளங்கக்கூடியது எது என்று யோசித்து, இங்கிலாந்து ஊர்ப் பெயர்களை எடுத்தேன்.

"வெள்ளைக்காரற்றை ஊர்ப் பேரெல்லாம் எங்களுக்குப் புதினமாய்க் கேக்குதெல்லே. அதுகளைப் பிரிச்சுப் பாத்தா எங்கடை மாதிரித்தான் அண்ணை. நோர்ட்டன் எண்டா வடக்குப் பக்கத்து ஊர். பிராட்போர்ட் எண்டா ஆற்றை நடந்து கடக்கிற அகலமான இடம்."

"எங்கடை இலுப்பைக்கடவை மாதிரி. கடவை எண்டாலும் கடக்கிற இடம்தானே."

"அச்சா. அதேதான். அஷ்லி எண்டு ஒண்டு. அஷ் எண்டது ஒரு மரம். அந்த மரம் நிண்ட காட்டை வெட்டி வெளியாக்கின இடம் அஷ்லி."

"நில்லுங்கோ" என்றார். மாடுகள் நின்றன. "வெள்ளைக்காரனும் காடு வெட்டினவனோ?"

"ஆயிரம் வருசத்துக்கு முந்தி."

"கோடாலியாலையோ?"

"வேறை என்னத்தாலை?"

"காணிக் கந்தோர் பெமிற் குடுத்ததோ, சும்மா வெட்டினவனோ?"

அவர் சிரித்துக்கொண்டு மாடுகளை நடக்கச் சொன்னார். நான் விடவில்லை.

"பிறகு அந்த ஊர்ப் பேர் ஆக்களுக்கு வந்தது. எங்களுக்குத் தகப்பன்ரை பேர் முன்னுக்கு நிக்குது. அவங்களுக்கு ஊர்ப் பேர் பின்னுக்கு நிண்டு, மேனுக்கும் பேரனுக்கும் குடும்பப் பேராய்ப் போகும். மிஸ்டர் நோர்ட்டன், மிஸ்டர் அஷ்லி."

"அப்ப அஷ்லியிலை இருக்கிற ஆம்பிளையள் எல்லாரும் மிஸ்டர் அஷ்லியோ? ஒருத்தி புருசனைக் கூப்பிட்டா ஊர் முழுக்க எல்லே திரும்பும்!"

"இல்லை அண்ணை. பெரிய நிலக்காரருக்கு அது வேறை கதை. அவங்கள் தங்கடை காணியின்ரை பேரையே வைச்சுக்கொண்டாங்கள். சாதாரண சனத்துக்கு, ஊரிலை இருக்குமட்டும் அந்தப் பேர் வராது. அங்கையிருந்து வேறை ஊருக்குப் போகவேணும். போன இடத்துச் சனம்தான், இவன் அஷ்லியிலையிருந்து வந்தவன் எண்டு அப்பிடிக் கூப்பிடும். ஊரை விட்டவனுக்குத்தான் ஊர்ப் பேர்."

ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினபிறகு அவர் சொன்னார்.

"பொங்கலுக்கு இலுப்பையடிக்குப் போனனான். தமையன்ரை பேரப்பெடியன் என்னைக் கண்டிட்டு உள்ளுக்கை ஓடிப்போய்ச் சொல்லுது, 'அம்மம்மா, வன்னியார் வந்திருக்கிறார்' எண்டு." கொஞ்ச நேரம் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அங்கை வன்னியார். இஞ்சை இலுப்பையடியார். மாங்குளத்திலை ஏழாம் வாய்க்கால். தம்பி, ஏழாம் வாய்க்காலும் ஒரு ஊர்தானே?"

"ஏன் இல்லை?"

"இலக்கம் எல்லே. இஞ்சினியர் கடுதாசியிலை போட்ட இலக்கம்."

"நோர்ட்டன் மட்டும் என்ன பெரிய பேரோ அண்ணை? வடக்குப் பக்கம் எண்டதுதானே."

"அதுதானே" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்குப் பிறகு கோயில் சபைக் கூட்டம். ஆண்கள் பாலை மரத்தின் கீழே, பெண்கள் மண்டபத்துப் பக்கமாக. அப்பா வழக்கம்போல ஊர்களின் பெயரைச் சொல்லி நாட்களை உறுதி செய்துகொண்டு வந்தார். முடிகிற நேரத்தில் இலுப்பையடி அண்ணை எழுந்தார்.

"ஏழாம் வாய்க்காலாருக்கு ஒரு நாள் வேணும்."

யாருக்கும் விளங்கவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் அது, ஏழாம் வாய்க்காலார்? நாங்கள் எல்லாரும்தானே?"

"இல்லை. நீ சுழிபுரத்தார். அந்தா அளவெட்டியார். நான் இலுப்பையடியார். நாங்கள் ஒருத்தரும் இந்த ஊர் இல்லை. இந்த ஊர் ஆள் ஒராள் இருக்கு. என்ரை மேள் கமலாசனி. அவளுக்கு நான் நாள் கேக்கிறன்."

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "இலுப்பையடியார், ஆரடா உனக்கு உந்தக் கதை சொல்லித் தந்தது?"

"உன்ரை மேன்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மரத்துக்குப் பின்னால் போய்விடலாம் போல இருந்தது. அண்ணை விடவில்லை. "எழும்புங்கோ தம்பி. வெள்ளைக்காரன் எப்பிடி ஊர்ப் பேர் எடுத்தவன் எண்டு சொல்லுங்கோ."

எழுந்தேன். அஷ்லியையும் நோர்ட்டனையும் சொன்னேன். காடு வெட்டி இருந்த இடம் ஊரானதைச் சொன்னேன். ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் ஊர்ப் பெயர் ஒட்டும் என்று சொன்னேன். பரமலிங்கம் வாத்தியார் தலையாட்டிக்கொண்டு கேட்டார். அப்பா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"சுழிபுரத்தார்" என்று புங்குடுதீவார் அவரைச் சீண்டினார். "பேராதனைக்கு அனுப்பினது உனக்கு எதிராக் கதைக்கவோ?"

"அதுதான் நானும் யோசிக்கிறன்" என்றார் அப்பா. சனம் மறுபடி சிரித்தது. பிறகு அவர் குரலை மாற்றிச் சொன்னார். "சரி. கதை நல்லாய்த்தான் கிடக்கு. ஆனால் சட்டம் சட்டம். ஊர் எண்டா ஆக்கள் வேணும். ஒரு சின்னப் பெட்டையை வைச்சு ஊர் எண்டு சொன்னா, நாளைக்கு ஐயர் என்னெண்டு கூப்பிடுவார்? பிள்ளை, இஞ்சை வா. நீ எந்த ஊர்?"

கமலாசனி தாயின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. "இந்த ஊர்."

"இந்த ஊர் எண்டா?"

"இஞ்சைதான். வேறை எங்கை?"

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மா ஜெகதீஸ்வரி எழுந்தா. சபைக் கூட்டத்தில் அம்மா வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப எங்கடை விமலேஸ்வரி எந்த ஊர்?"

விமலேஸ்வரி என் கடைசித் தங்கச்சி. அப்பா, "இதென்ன கேள்வி? சுழிபுரம்" என்றார்.

"சுழிபுரத்தை அவள் கண்ணாலை கண்டதோ? போன வருசம் கொண்டுபோய்க் காட்டக் கேட்டனான். நெல்லு வெட்டு எண்டு சொல்லிப்போட்டீங்கள். பிறந்தது இஞ்சை, வளந்தது இஞ்சை. கமலாசனியோடை எங்கடை பெட்டையும் ஏழாம் வாய்க்கால். ரெண்டு பேர்."

அன்னபாக்கியம் அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றா. வேலணையார் மனைவி அடுத்ததாக எழுந்தா. "எங்கடையிலை மூண்டு." அளவெட்டியார் வீட்டில் நான்கு. ஒருத்தி தன் இடுப்பில் இருந்த பிள்ளையைத் தூக்கிக் காட்டினா. இன்னொருத்தி, "வயித்திலை கிடக்கிறதையும் சேருங்கோ. அதுவும் இஞ்சத்தையான்தான்" என்றா. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பும் சத்தமும். ஆண்கள் பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். எங்கள் குடியேற்றத்தில் எல்லா ஊராரையும்விடப் பெரிய கூட்டம் இந்த ஏழாம் வாய்க்காலார்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஆக்கள் இருக்கு" என்றார். "நாள்தான் இல்லை."

மூலஸ்தானத்துப் படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஐயர், "கொடியேத்தம் இல்லாத கோயில்தானே, நாள் கணக்கு ஒண்டும் இல்லை. ஒரு நாள் முந்தித் தொடங்குவம். பிள்ளையார் கோவிக்கமாட்டார்" என்றார்.

"செலவு?" என்று அப்பா கேட்டார்.

"அது முழுக்க என்ரை" என்றார் அண்ணை. "நான் சொன்ன வாக்கு அது. இந்த வருசம் ஒருத்தரும் கை போடக்கூடாது. வாற வருசத்திலையிருந்து பிள்ளையள் எல்லாற்றையும் திருவிழா."

அந்தத் திருவிழாவுக்கு அவர் ஒரு நாம்பன் கன்றை விற்றார். மேளம் ஒரு கூட்டம்தான். புங்குடுதீவாரின் கப்பலைப் போல ஒன்றும் இல்லை. கமுகம் பாளையும் காட்டில் வெட்டின ஈச்சங் குருத்தும் வைத்து அவரே பந்தல் சோடித்தார். மற்றவர்கள் கை கொடுக்கப் போனபோது விரட்டிவிட்டார். அன்னபாக்கியம் அக்கா மோதகம் அவித்துக் குவித்தா. கமலாசனி பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு, கோயிலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "இண்டைக்கு எங்கடை திருவிழா, தெரியுமே?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

பூசை முடிந்தது. ஐயர் தட்டத்தைத் தூக்கினார்.

"ஏழாம் வாய்க்காலார் வாங்கோ!"

அண்ணை கிணற்றடிப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். அது அவருக்குக் கால்களில் ஊறிப்போன பழக்கம். அப்பாதான் சால்வையில் பிடித்து இழுத்தார். "எங்கை போறாய்? உன்னைத்தான் கூப்பிடுகினம்." அவர் நின்றார். சால்வையை இடுப்பில் கட்டக் கை போயிற்று. முடிச்சு விழவில்லை. அப்பாவே கட்டிவிட்டார். அதற்குள் பிள்ளைகள் எல்லாம் முன்னுக்கு ஓடிவிட்டார்கள். ஏழாம் வாய்க்காலார் என்றால் தாங்கள்தான் என்று அவர்களுக்கு வீட்டுக்கு வீடு சொல்லிக் கொடுத்திருந்தது. ஐயரைச் சுற்றி ஒரே பிள்ளைகள். அந்தக் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு, கமலாசனியின் தலையில் ஒரு கையை வைத்தபடி, அண்ணை போய்க் காளாஞ்சியை வாங்கினார். ஐயர் விபூதி பூசியபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்னபாக்கியம் அக்கா பின்னால் நின்று, "முடிஞ்சுது அப்பனே, முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னா.

அடுத்த நாள் விடிய அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று அம்மா அவசரமாகத் தேத்தண்ணி வைத்தா. அவர் கதிரையில் இருந்து, சீனி போட்டுக் கலக்கி, ஒரு மிடறு குடித்தார்.

"சுழிபுரத்தார், யோசிச்சுப் பாத்தன். எங்கடை ஆக்கள்தானே எல்லாரையும்விடக் கனக்க. வாற வருசம் கடைசி நாளை எங்களுக்குத் தா. நீ முதல் நாளை எடு."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பொத்தென்று வைத்தார். "என்ன சொன்னனீ?"

"மேளம் ரெண்டு கூட்டம் பிடிக்கிறதாய்ப் பிள்ளையள் சொல்லுதுகள்" என்றார் அண்ணை. "நாங்கள் ஏழாம் வாய்க்காலார். எங்களுக்கும் ஒரு மதிப்பு இருக்கெல்லே?"

இருவரும் மதியம்வரை வாதாடிப் பிடுங்குப்பட்டார்கள். அம்மா இரண்டாந்தரம் தேத்தண்ணி வைக்கவேண்டி வந்தது.